தமிழில் மட்டும் இருந்த வரி

இரண்டு அமெரிக்கர்களுக்கு மூன்று நாள் வாயாக இருப்பதற்காக நான் பெங்களூர் போனேன். டாரில், மார்லீன் என்று பெயர். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து எழுதுகிறவர்கள். அவர்களுடைய கிறிஸ்தவப் புத்தகங்கள் ஒரு டஜனுக்கு மேல் இருக்கும். அட்டையில் சூரியன் உதிக்கும். சூரியன் உதிக்காத அட்டையில் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருக்கும். அதில் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்த பாவம் என்னுடையது. புத்தகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் யாராவது வாங்கிவிடுவார்கள்.

பாளையங்கோட்டையில் முப்பத்திரண்டு வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதற்குப் பிறகு ஒரு சிறிய கிறிஸ்தவப் பதிப்பகத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில், அச்சகத்தின் முகவரிக்கு மேலே, எறும்பு அளவு எழுத்தில் 'தமிழில்: ஞானசெல்வி' என்று இருக்கும். அந்த எறும்பைத் தேடி இதுவரை ஒருவரும் வந்ததில்லை. பெங்களூரில் ஒரு தமிழ்ச் சபையிலிருந்து போன் வந்து, எழுத்தாளர்கள் வருகிறார்கள், புத்தகம் தெரிந்த நீங்களே மேடையில் மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்டபோது, அந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்காது என்பதையே மறந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ரயிலில் எதிர் பெர்த்தில் ஒரு சாஃப்ட்வேர் பையன். அம்மா பெட்டியில் ஸ்வெட்டர் வைத்துவிட்டாள் என்று போனில் அவளோடு சண்டை. பெங்களூரில் குளிரெல்லாம் போய் வருஷக் கணக்காகிறது, இப்போது ஏசி போட்டுத்தான் குளிரை வரவழைக்கிறோம் என்று விளக்கிக்கொண்டிருந்தான். என் பையிலும் ஒரு ஸ்வெட்டர் இருந்தது. மூன்று நாளும் அது பையை விட்டு வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டேஷனுக்கு வெளியே, போனில் கூப்பிட்ட ஆட்டோக்கள் ஒவ்வொன்றாக வராமல் போயின. கடைசியில் ஏற்றிக்கொண்ட பெரியவர் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு, இங்கிலீஷ் ஐந்திலும் பேசினார். மீட்டர் வேலை செய்யவில்லை என்று ஐந்திலும் சொல்லத் தெரிந்திருந்தது. சர்ச் என்றேன். கண்டோன்மென்ட் பக்கம் தெருவுக்கு ஒரு சர்ச் இருக்கிறது; அவருக்குப் பிடித்த ஒன்றில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். உள்ளே கன்னடத்தில் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன், "உங்குள்து அந்த சைடு மேடம், ஸ்வல்ப முன்னால போங்க" என்று கையைக் காட்டினார். பெட்டியை இழுத்துக்கொண்டு, தோண்டிப்போட்ட நடைபாதையில் 'கொஞ்சம்' என்கிற அந்தக் கன்னட ஸ்வல்பத்தை நடந்து முடிக்க அரைமணி நேரம் ஆனது.

வழியில் ஒரு தர்ஷினியில் நின்றுகொண்டே இட்லி சாப்பிட்டேன். உட்கார இடம் கிடையாது. இந்த ஊரில் சாப்பாடு என்பது பெட்ரோல் போடுகிற மாதிரி. சாம்பாரில் வெல்லம். எங்கள் ஊரில் சாம்பார் இனித்தால் சமையல்காரருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரிப்போம். காபியை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

சபையின் பாஸ்டர் எட்வினுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். கழுத்தில் மைக், காலில் வெள்ளை ஷூ, கையில் கிடார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம், பார்த்தால் எழுந்து நிற்போம். இவரைப் பார்த்தால் பேட்டரி மாற்றித் தரச் சொல்லலாம் போலிருந்தது. நல்ல பையன்தான். எழுத்தாளர்கள் நட்சத்திர ஹோட்டலில் தங்குகிறார்கள், உங்களுக்குச் சபையிலேயே ஒரு அறை என்று சொன்னபோது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அந்த அறையில் ஞாயிறு பள்ளி நாடகத்துக்கான இரண்டு தேவதூதர் சிறகுகளும் ஒரு கொசுவும் இருந்தன.

மதியம் ஹோட்டலுக்குப் போய் எழுத்தாளர்களைப் பார்த்தேன். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது, நல்ல உயரம், நல்ல பற்கள். மார்லீன் கைகூப்பினார். டாரில் என் இங்கிலீஷ் மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார். உங்களுடையதும் பரவாயில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. சம்பந்தமில்லாததைப் பேச வாய்க்கு உரிமை இல்லை என்று விழுங்கிக்கொண்டேன். அவர் எனக்கு ஒரு தாள் கொடுத்தார். எங்கே நிறுத்துவார், எங்கே குரலைத் தாழ்த்துவார், எங்கே நான் அவரை அவசரப்படுத்தக்கூடாது என்று எல்லாம் அதில் டைப் செய்யப்பட்டிருந்தது. 'ரூபாவின் கதை' என்ற இடத்துக்கு எதிரே ஒரு கட்டம் போட்டு, அதற்குள் 'கண்ணீர்' என்று எழுதியிருந்தது.

ரூபாவின் கதை புத்தகத்தில் ஐந்தாவது அத்தியாயம். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி ஒருவனின் மனைவி ரூபா. கணவன் குடிகாரன். ஒருநாள் சுரங்கத்தில் மண் சரிந்து செத்துப்போகிறான். அவள் மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, கைவிடப்பட்ட ஒரு பழைய சுரங்கக் குழியில் குதிக்கப் போகிறாள். அப்போது தூரத்தில் ஆலய மணி அடிக்கிறது. திரும்பி வருகிறாள். மறுநாள் மிஷன் ஆட்கள் அவளுக்குத் தையல் மெஷின் கொடுக்கிறார்கள். அத்தியாயத்தின் முடிவில் மெஷினுக்கு முன்னால் அவள் சிரிக்கிற போட்டோ. இருபது வருடத்துக்கு முன்னால் டாரிலும் மார்லீனும் தங்கவயலுக்கு ஒரு மதியம் போயிருக்கிறார்கள். அந்த ஒரு மதியத்தில் கிடைத்தது இது.

அன்று சாயங்காலம் கூட்டத்தில் அந்தப் போட்டோவைச் சுவர் முழுக்கப் பெரிதாகக் காட்டினார்கள். டாரில் குரலைத் தாழ்த்தினார், நானும் தாழ்த்தினேன். அவர் நிறுத்தினார், நானும் நிறுத்தினேன். புத்தகம் எனக்குப் பாடமாகிவிட்டதால், அவர் சொன்னதை மொழிபெயர்க்காமல் நான் எழுதிவைத்திருந்த தமிழையே சொல்லிக்கொண்டு போனேன். முன் பெஞ்சில் பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். என் குரலில் ஒரு நடுக்கம் வந்தது. நல்ல நடுக்கம். எனக்கு எப்போது வேண்டுமானாலும் வரும்.

கூட்டம் முடிந்ததும் வெளியே மேஜை போட்டுப் புத்தகம் விற்றார்கள். எழுத்தாளர்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட, எதிரே நீளமான வரிசை. நான் ஓரமாக ஒரு நாற்காலியில் கேக்கும் சிப்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் வரிசையில் நிற்காமல் நேராக என்னிடம் வந்தார். கையில் தமிழ்ப் புத்தகம். நீங்கள்தானே தமிழில் எழுதியது என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார்.

சந்தோஷத்தில் எனக்குப் பேனா கைக்கு வரவில்லை. யாருக்கு என்று பெயர் எழுத வேண்டுமே என்றேன்.

"ரூபாவதின்னு போடுங்க."

'அன்புச் சகோதரி ரூபாவதிக்கு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தேன். சுவரில் அவ்வளவு நேரம் பார்த்த அதே முகம், இருபது வயது கூடி, என் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

அவர் புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். ஓரத்தில் பென்சில் கோடு. 'குடித்துவிட்டு வந்து அவள் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வருவான்' என்று அங்கே இருந்தது.

"என் பொண்ணுக்கு இங்கிலீஷ் தெரியும். அந்த புக்கையும் வாங்கிப் பாத்தா. அதுல எங்க வூட்டுக்காரர் குடிப்பாருன்னு மட்டும்தான் கீது. முடியைப் புடிச்சி இழுத்தாருன்னு இல்ல. இதை எழுதினது யாரு?"

நான்தான் எழுதினேன். மூலத்தில் 'அவள் கணவன் குடித்தான்' என்று ஒரே ஒரு வரி. தமிழ் வாசகர்களுக்கு இது போதாது, கொஞ்சம் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி செய்யுங்கள் என்று பதிப்பகத்தில் சொன்னார்கள். ஒரு சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே அந்த வரியைச் சேர்த்தேன். எழுதி முடித்தபோது நன்றாக வந்திருக்கிறது என்று திருப்தியாகக்கூட இருந்தது.

அவரிடம் அதைச் சொல்லவில்லை. என்ன விஷயம் என்று கேட்டேன். அவர் நின்றபடியே சொன்னார். அந்தப் போட்டோ எடுத்த மிஷன் தையல் வகுப்பில் அவர் படிக்கப் போனவர் இல்லை, சொல்லிக் கொடுத்தவர். வெள்ளைக்காரர்கள் வந்த அன்று எல்லாரையும் வரிசையாகப் போட்டோ எடுத்தார்கள், பெயர் கேட்டார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். கணவர் உயிரோடு இருக்கிறார். இருப்பது மூன்று பிள்ளைகள் இல்லை, ஒரே மகள். இங்கிலீஷ் புத்தகம் வந்தது தெரியாது, தெரிந்தாலும் அவர்கள் பக்கம் யார் படிக்கப் போகிறார்கள். போன கிறிஸ்துமஸுக்கு வேலூரில் மகளின் மாமியாருக்குச் சபையில் தமிழ்ப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். மாமியார் போட்டோவைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். சாகாத அப்பாவைச் செத்ததாக எழுதியதைப் பார்த்தாவது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும். மாமியாருக்கு அது வேறு மாதிரிப் புரிந்தது. பெண் வீட்டார் மானத்துக்குப் பயந்து சாவை மட்டும் மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள், மற்றது எல்லாம் நடந்ததுதான் என்று முடிவு செய்துவிட்டார்.

"உன்னையும் சேத்துக் குழில தள்ளப் பாத்தாங்களான்னு என் பொண்ணுகிட்ட கேக்கறாங்க. குடிகாரன் பொண்ணுன்னு பேச்சு வருது. எழுதினவங்க நீங்க. இது பொய்னு உங்க கையால அந்தம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

எழுத்தாளர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளிடம் நான் ஒத்துக்கொள்ளாத பதில் அது. அவர் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் கையெழுத்தோடு.

சனிக்கிழமை எழுத்தாளர்களுக்கு ஊர் சுற்றிக்காட்டும் நாள். பாஸ்டர் எட்வின் காரை ஓட்டினார். ஓட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அடுகோடி சிக்னலில் அரைமணி நேரம் நின்றோம். ஒரு பக்கம் லேத் பட்டறை, ஒரு பக்கம் மெட்ரோ தூண், முன்னால் தண்ணீர் லாரி. லாரியிலிருந்து ஒழுகுகிற தண்ணீரில் ஒருவர் இறங்கிப்போய்க் கைகால் கழுவிக்கொண்டு திரும்பவும் ஸ்கூட்டரில் ஏறினார், வரிசை அதற்குள் நகர்ந்திருக்கவில்லை. டாரில் ஜன்னலை இறக்கி எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார். இந்த மக்களின் முகத்தில் என்ன ஒரு சமாதானம் என்றார். அந்த முகங்கள் சிக்னலைத் திட்டிக்கொண்டிருந்தன. அதை அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

வேறெங்கும் போக வழியில்லாத இடமாக இருந்ததால் அங்கேயே விஷயத்தைச் சொன்னேன். ரூபா நேற்று வந்திருந்தார், உண்மையில் அவர் பெயர் ரூபாவதி, கதையில் இருப்பது எதுவும் அவருக்கு நடக்கவில்லை என்றேன். முடி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

மார்லீன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாரிலுக்குக் கொஞ்சமும் சங்கடம் இல்லை. ரூபா என்பது ஒரு தனி ஆள் இல்லை, தான் சந்தித்த பல பெண்களின் குரலைச் சேர்த்து உருவாக்கிய சித்திரம், விவரங்கள் மாறலாம், உண்மை மாறாது என்று சொன்னார். அப்படியானால் போட்டோவில் இருப்பது எத்தனை பெண்கள் என்று கேட்டேன். அவர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. திடீரென்று உற்சாகமாகி, ரூபா இந்த ஊரிலேயே இருக்கிறாளா, நாளைக்கு ஆராதனையில் அவளை மேடைக்குக் கூட்டி வாருங்கள், இருபது வருடம் கழித்துச் சந்திப்பு, சபையார் மறக்கவே மாட்டார்கள் என்றார். அது வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை. பாஸ்டர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு சபைகளில் இவர்களுக்குக் கூட்டம் இருக்கிறது, எல்லா ஏற்பாடும் அவர் தலையில். யாரையும் வருத்தப்படுத்தாமல் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று அந்தப் பார்வையிலேயே கெஞ்சினார்.

மதியம் தொன்னை பிரியாணி சாப்பிடப் போனோம். இலைத்தொன்னையில் பச்சையாகப் பிரியாணி. எங்கள் ஊர்ப் பிரியாணியைப் பார்த்துப் பழகியவளுக்கு அது கீரைச் சாதத்தில் கறி விழுந்த மாதிரி இருந்தது, ஆனால் ருசி இருந்தது. டாரில் தான் கொண்டுவந்திருந்த பாக்கெட் பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு, தொன்னையைப் போட்டோ எடுத்தார். மார்லீன் மட்டும் ஒரு வாய் சாப்பிட்டு, மெதுவாக என்னிடம் சொன்னார். அந்த மதியம் ரூபா கொடுத்த டீ கண்ணாடி கிளாஸில் இருந்தது, சூட்டில் பிடிக்க முடியவில்லை, அவள் தன் புடவை முந்தானையால் கிளாஸைச் சுற்றிக் கொடுத்தாள். அது ஒன்றுதான் தனக்கு நிஜமாக ஞாபகம் இருக்கிறதாம். அதையே எழுதியிருக்கலாமே என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் டாரில் எங்கள் இருவரையும் தொன்னையோடு சிரிக்கச் சொன்னார்.

சாயங்காலம் பாஸ்டர் யாரிடமோ நம்பர் விசாரித்து ரூபாவதிக்குப் போன் செய்தார். மறுப்பார் என்று நினைத்தேன். வருகிறேன் என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் பாஸ்டர் என்னிடம் வந்து, "மேடம், அவங்க என்ன சொன்னாலும் கொஞ்சம் பார்த்து ட்ரான்ஸ்லேட் பண்ணுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சபை முழுக்கத் தமிழர்கள். ரூபாவதி தமிழில் பேசப் போகிறார். நான் இங்கிலீஷில் சொல்லப்போவது இரண்டே இரண்டு பேருக்கு. நான் பார்த்துச் சொன்னால், அந்த இடத்தில் ஒன்றும் தெரியாதவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான். யோசித்துப் பார்த்தால், அவர்கள் எழுதிய முறையே அதுதான்.

டாரில் மேடையில் ரூபாவதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது, அதுதான் ஆச்சரியம். தேவன் உன் வாழ்க்கையில் செய்ததை இந்த ஜனங்களுக்குச் சொல் என்றார். ரூபாவதி கைகளை விடுவித்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"என் பேரு ரூபாவதி. ரூபா இல்ல. நான் தையல் கத்துக்கப் போனவ இல்ல, கத்துக் குடுத்தவ. மெஷினு எனக்கு யாரும் குடுக்கல, எங்கம்மாவுது. எனக்கு ஒரே பொண்ணு."

ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொன்னேன். டாரிலின் சிரிப்பு அப்படியே இருந்தது.

"எங்க வூட்டுக்காரர் குடிக்க மாட்டார். சாகவும் இல்ல. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, வூட்ல கறி ஆக்கிக்கினு கீறாரு."

சபை சிரித்துவிட்டது. பின் பெஞ்சுவரை சிரிப்பு போய் வந்தது. செத்துப்போன கணவர் தற்சமயம் வீட்டில் ஆட்டுக்கறி சமைத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் இங்கிலீஷில் சொன்னபோது டாரிலும் எல்லாரோடும் சேர்ந்து பாதி சிரித்தார். பிறகுதான் நிறுத்தினார். பின்னால் பாஸ்டர் இருமினார்.

ரூபாவதி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"முடியைப் புடிச்சி இழுத்தாருன்னு ஒரு வரி கீது. அதை இவங்க எழுதல. தமிழ்ல மட்டும்தான் கீது. எழுதினது இந்த மேடம்."

மேடையில் மொழிபெயர்க்கிறவளுக்கு 'நான்' என்ற சொல் சொந்தமில்லை. நான் என்று சொன்னால் அது எப்போதும் பக்கத்தில் நிற்பவர். மூன்று நாளாக நான் நெப்ராஸ்காவில் பிறந்தேன், நான் ஜெபித்தேன், நான் அழுதேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்; அதில் எதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இப்போது அந்த வரி உங்கள் புத்தகத்தில் இல்லை, அதை நான் எழுதினேன் என்று டாரிலிடம் சொன்னேன். அவருக்குக் குழப்பம். ரூபாவா எழுதினாள் என்று கேட்டார். இல்லை, நான், ஞானசெல்வி, என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன்.

டாரிலுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மைக்கை வாங்கி, மொழிபெயர்ப்பில் சில விஷயங்கள் வழிதவறிப் போய்விடுவது உண்டு, நம் மொழிபெயர்ப்பாளச் சகோதரியின் தவற்றை இன்று நாம் எல்லாரும் மன்னிப்போம் என்று சொல்லி, என் தோளில் கைவைத்தார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். எனக்கு நானே மன்னிப்புக் கொடுக்கிற அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

என் தமிழைக் கேட்டதும் ரூபாவதிக்கு நடந்தது தெரிந்தது. மைக் இல்லாமலே சொன்னார். எல்லாருக்கும் கேட்டது.

"முடி மட்டும்தான் இவங்குளுது. மத்தது அல்லாம் உங்குளுது ஐயா."

அதையும் இங்கிலீஷில் சொன்னேன். டாரில், வேறு ஒன்றும் தோன்றாததால், ஆமென் என்றார். பாஸ்டர் கிடாரை எடுத்து, பாட்டுப் புத்தகத்தில் எந்த எண் என்றுகூடச் சொல்லாமல் பாட ஆரம்பித்துவிட்டார்.

அன்றும் வெளியே புத்தக மேஜை போட்டிருந்தார்கள். கூட்டம் அதைச் சுற்றிக்கொண்டு டீ இருந்த பக்கம் போனது. டாரில் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மார்லீன் ஏறப்போய், திரும்பி என்னிடம் வந்து, தன் சார்பில் ரூபாவதியிடம் மன்னிப்புக் கேட்டுவிடச் சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவர் நின்று யோசித்துவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்த பெண்கள் நடுவே நெருக்கிக்கொண்டு போனார். அங்கே என்ன பேசினார்களோ, எனக்குக் கேட்கவில்லை. ரூபாவதி தலையசைத்தது மட்டும் தெரிந்தது. புத்தகத்திலிருந்து அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதுவதாக மார்லீன் போகும்போது என்னிடம் சொன்னார். எழுதியிருக்கலாம். என்னுடைய தமிழ்ப் பதிப்பகத்துக்கு நான் எழுதியதற்கு, இருப்பது தீரட்டும், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

எனக்கு ரயில் சாயங்காலம்தான். பெட்டியோடு நின்றிருந்த என்னிடம் ரூபாவதி வந்து, லெட்டர் எழுத வீட்டுக்கு வருகிறீர்களா என்றார். கூப்பிட்ட தோரணையில் உபசாரம் எதுவும் இல்லை. போனேன்.

ஆஸ்டின் டவுனில் முதல் மாடியில் இரண்டு அறை வீடு. சுரங்கம் மூடிய பிறகு, தங்கவயலிலிருந்து தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போய், அலுத்து, கடைசியில் இங்கேயே குடி வந்துவிட்டார்களாம். மாடிப்படியிலேயே மிளகும் பட்டையும் மணத்தது. கதவைத் திறந்த மெலிந்த மனிதர் கையில் கரண்டி, ஒரு கண்ணில் பச்சைத் துணி. போன வாரம் கண் புரை ஆபரேஷன். அவர்தான் செல்வராஜ். சுரங்கத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டதால் பேசும்போது நடுவில் மூச்சு வாங்கினார். என்னை உட்காரச் சொல்லி ஃபேனைப் போட்டார். ஊரில் மழை உண்டா என்று கேட்டார்.

பேனாவும் தாளும் ரூபாவதி தயாராக வைத்திருந்தார். வேலூர் மாமியாருக்கு எழுதினேன். இந்தப் புத்தகத்தைத் தமிழில் எழுதியவள் நான். இதில் ரூபாவைப் பற்றி இருப்பது எதுவும் ரூபாவதி அம்மாவுக்கு நடந்தது இல்லை. குழிக்குப் போனது பொய். கணவர் குடித்தது பொய். தலைமுடியைப் பிடித்து இழுத்தது என் கற்பனை. இப்படிக்கு என்று எழுதி, முகவரியும் போன் நம்பரும் போட்டேன். என் வாழ்க்கையில் அலங்காரம் இல்லாமல் எழுதிய முதல் தமிழ் அதுவாகத்தான் இருக்கும். கடிதம் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு ரூபாவதி போனில் சொன்னார். மாமியார் அதைப் படித்துவிட்டு பைபிளுக்குள் மடித்து வைத்துக்கொண்டாராம். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு எதுவும் கேட்கவும் இல்லை.

எழுதியதை ரூபாவதிக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்படியிலிருந்து செல்வராஜும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைச் செத்ததாகப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர்தான். மற்றதை மனைவி சொல்லவில்லை. அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"இல்ல இல்லன்னு எழுதிறீங்களே மேடம். இன்னா இருக்குதுன்னு படிங்க. எனக்குக் கண்ணு தெரியல."

நான் ரூபாவதியைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்கப் போய்விட்டார்.

ஐந்தாம் அத்தியாயத்தை முதலிலிருந்து படித்தேன். அந்த நடுக்கம் குரலில் வந்துவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ரயில் நேரம் அறிவிக்கிற மாதிரிப் படித்தேன். அப்படிப் படித்தும் அது நன்றாகவே இருந்தது. அதுதான் அவமானம். குடித்துவிட்டு வருகிற இடம் வந்தது. கையில் சுற்றிப் பிடித்து என்ற இடத்தில் ஒருமுறை நின்று, திரும்பவும் படித்து, தெருவுக்கு இழுத்து வருவான் என்று முடித்தேன். அவர் பச்சைத் துணி போடாத கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அத்தியாயம் முடிகிறவரை அசையவில்லை. உள்ளே தட்டு வைக்கும் சத்தமும் நின்றிருந்தது.

அவருக்கு மூச்சு வாங்கியது. அது அடங்கும்வரை காத்திருந்தேன்.

"நல்லா எழுதிக் கீறீங்க மேடம்" என்றார் செல்வராஜ். "கேக்க சொல்லோ எனக்கே அந்த ஆளு மேல கோவம் வருது."